இரண்டு நிமிட விதியை எடுத்துவிடுங்கள்

ஞாயிறு மாலைகளில் வெள்ளவத்தையில் கூடும் நம் ஸ்டார் வோர்ஸ் பட ரசிகர் வட்டத்து நடுவர்கள் மூவருக்கும், அவர்களைத் தெரிவு செய்த மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். போன கிழமை முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். அன்றைக்கு எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் தெஹிவளைத் தம்பி, மறுபக்கம் பௌதிக அண்ணை, நடுவில் ரோல்ஸ் தட்டு. இரண்டு பேரும் கத்தி முடிக்கும்போது பிளேன்டீயும் ஆறிவிட்டது, விதிகளும் நிறைவேறிவிட்டன. வீட்டுக்குப் போகிற வழியில்தான் எனக்குக் கோபம் வந்தது. எப்போதும் அப்படித்தான், என் கோபம் ஒரு பஸ் பிந்தித்தான் வரும்.

ஸ்டார் வோர்ஸில் மிக நல்ல காட்சி எது என்று நாம் எடுக்கப்போகிற வாக்கெடுப்புக்கு நீங்கள் போட்ட விதிகள் மூன்று என்று என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். முன்மொழிகிற காட்சி குறைந்தது இரண்டு நிமிடம் ஓடவேண்டும். அது எண் போட்ட ஒன்பது படங்களுக்குள் இருக்கவேண்டும். வாக்கெடுப்பு நாளில் திரையில் போடுவது இப்போது கிடைக்கிற புதிய பதிப்பாக இருக்கவேண்டும். மூன்றுக்கும் காரணம் சொன்னீர்கள். இரண்டு நிமிடத்துக்குக் குறைந்தால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது, தொலைக்காட்சித் தொடர்களையும் சேர்த்தால் விடியும்வரை இருக்கவேண்டும், பழைய பதிப்பு யாரிடமும் இல்லை. கடைசிக் காரணம் பிழை. அதற்குப் பிறகு வருகிறேன்.

விளைவைப் பாருங்கள். முதற்பட்டியலில் இருக்கிற பத்தில் ஐந்து வாள்சண்டை, மூன்று விமானச் சண்டை, இரண்டு பிரசங்கம். 1977இல் தொடங்கி 2019 வரை 42 வருடம் இழுத்த கதை. அதில் நாம் பொறுக்கி எடுத்தது இவ்வளவுதானா? நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தக் கதையின் மிக நல்ல இடங்கள் பேச்சு நின்றுபோன இடங்கள். அவற்றில் கனக்க ஒரு நிமிடம்கூட ஓடாதவை. உங்கள் விதி அவற்றைச் செருப்புக் கழற்றுகிற இடத்திலேயே நிறுத்திவிடுகிறது.

முதலிடத்தில் நிற்கிற காட்சியையே எடுப்போம். 1980 மே மாதம் வந்த இரண்டாவது படம், கறுப்பு முகமூடி போட்ட வில்லன் வேடர், கதாநாயகன் லூக்கின் கையை வெட்டிவிட்டு உண்மையைச் சொல்கிற இடம். அதை எப்படி ஒளித்து வைத்தார்கள் என்று வங்கி அக்கா அன்றைக்கு அழகாகச் சொன்னார். வேடரின் உடைக்குள் நின்ற டேவிட் ப்ரௌஸுக்குப் படப்பிடிப்பில் வேறு வசனம் கொடுக்கப்பட்டது, லூக்கின் குரு ஓபி-வான்தான் அவன் தகப்பனைக் கொன்றான் என்று. லூக்காக நடித்த மார்க் ஹேமிலுக்கு மட்டும் எடுப்பதற்குச் சற்று முன்னால் உண்மை சொல்லப்பட்டது. உண்மையான வரி பிறகு ஜேம்ஸ் ஏர்ள் ஜோன்ஸின் குரலில் வந்து சேர்ந்தது. அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்த வரியை நீங்கள் எல்லோரும் “லூக்” என்று தொடங்கிச் சொன்னீர்களே, அது பிழை. படத்தில் அது “இல்லை” என்றுதான் தொடங்குகிறது. இல்லை, நான்தான் உன் தகப்பன். ஊர் முழுக்க ஒரு வரியைப் பிழையாக நினைவு வைத்திருக்கிறது என்றால், அந்த இடத்தின் பலம் வரியில் இல்லை என்று எனக்குப் படுகிறது.

எனக்கு இதில் ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் அந்த வரியைக் கேட்கவே இல்லை.

1990களின் தொடக்கம். நாங்கள் இருந்தது வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையின் கடைசி வீட்டில். அப்போது மரைன் டிரைவ் கிடையாது. ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளம், அதற்கப்பால் கல், அதற்கப்பால் கடல். ரயில் போனால் அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடும். மாமா சனிக்கிழமையில் வீடியோ டெக்கையும் இரண்டு கசெட்டையும் வாடகைக்கு எடுத்து வருவார். ஒன்று தமிழ்ப் படம், ஒன்று எங்களுக்கு. அன்றைக்கு எங்களுக்கு வந்தது இது. லூக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான், வேடர் கையை நீட்டுகிறார், ரயில் வந்துவிட்டது. பாணந்துறைப் பக்கம் போகிற பின்னேர ரயில், ஆட்கள் கதவில் தொங்கிக்கொண்டு போகிற நீளமான ரயில். அது போய் முடிந்தபோது லூக் வாய் கிழியக் கத்திக்கொண்டிருந்தான். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்டோம். திருப்பிப் போடச் சொன்னோம். மாமா சம்மதிக்கவில்லை, ரிவைன்ட் பண்ணினால் ஹெட் தேயும் என்றார். வாடகை டெக்கின் ஹெட்டுக்காக அவர் பட்ட கவலையைச் சொந்தப் பல்லுக்காகப் பட்டிருக்கலாம்.

அம்மம்மா பின்னால் சாய்வுக் கதிரையில் இருந்தா. அவவுக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. மட்டக்களப்பு ஆள், சின்ன வயதில் வடமோடிக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவ. அவ சொன்னா: “இது குந்தி கர்ணனுக்கிட்ட போன கதைதானே மனே. இவன் ஆம்பிளைக் குந்தி.”

எனக்கு அந்த உண்மையைச் சொன்னது வேடரில்லை, அம்மம்மாதான். அவவுக்கு எப்படித் தெரிந்தது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். வேடர் வாளை இறக்கிவிட்டுக் கையை நீட்டிய விதம், சண்டையின் நடுவில் எதிரி கெஞ்சுகிற மாதிரி நின்ற நிலை, அது அவவுக்குக் காணும். போருக்கு முன்னால் எதிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் தனியாக வந்து உறவு சொல்வது கூத்துக் களரியில் அவ எத்தனையோ முறை பார்த்தது. யோசித்துப் பாருங்கள், நமக்கு அந்த இரகசியம் புதியதே இல்லை. வைரியாக நினைத்தவன் இரத்த உறவு என்கிற செய்தி மகாபாரதம் கேட்ட எந்த வீட்டிலும் பழைய செய்தி. கூத்துப் பார்க்கப் போகிறவனுக்குக் கர்ணன் யார் மகன் என்று முதலே தெரியும். தெரிந்துகொண்டுதான் பாயோடு போய் முன்வரிசையில் இடம் பிடிக்கிறான்.

எனக்கு அந்தக் காட்சியில் புதியதாக இருந்தது அதற்குப் பிறகு நடந்தது. கர்ணன் தாயிடம் பேசுகிறான், கணக்குச் சொல்கிறான், வரம் கொடுக்கிறான், வரம் கேட்கிறான். லூக் ஒன்றும் கேட்கவில்லை. கீழே அடிதெரியாத பள்ளத்தைப் பார்க்கிறான். நீட்டிய கையைப் பார்க்கிறான். அப்புறம் பிடியை விடுகிறான். கத்தி ஓய்ந்த முகத்தில் ஒரு அமைதி வருகிறது, ஆள் விழுகிறான். ரயில் போயிருந்தது, வீடு அமைதி, நான் அந்த விழுகையைத் துல்லியமாகப் பார்த்தேன். நீங்கள் வெட்டி எடுத்து வைத்திருக்கிற காட்சித் துண்டு எங்கே முடிகிறது தெரியுமா? அவன் கத்துவதோடு. பிடியை விடுகிற இடம் துண்டில் இல்லை. நேரம் போதாது என்று தம்பி சொன்னான். இரண்டு நிமிடத்தைத் தாண்டிவிட்ட பிறகு என்ன நேரக் கணக்கோ, எனக்கு விளங்கவில்லை.

பௌதிக அண்ணை இந்த இடத்தில் குறுக்கே வருவார் என்று தெரியும். வெற்றிடத்தில் சத்தம் போகாது, இந்தப் படங்களில் குண்டு வெடிக்கிற சத்தமே பிழை, இதெல்லாம் விஞ்ஞானக் கதையே இல்லை என்று பதினைந்து வருடமாகச் சொல்கிறார். அண்ணை, ஒத்துக்கொள்கிறேன். இது விண்வெளியில் நடக்கிற இராசா ராணிக் கதைதான். மந்திரவாதி உண்டு, மாய வாள் உண்டு, கானகத்துக் கிழவர் ஒருவர் தலைகீழாக நிற்கப் பழக்குகிறார். அந்தச் சத்தத்தை உண்டாக்கிய பென் பர்ட் பௌதிகம் பார்க்கவில்லை, காதைப் பார்த்தார். வேடரின் மூச்சு, நீருக்கடியில் முக்குளிப்பவர்கள் வாயில் வைக்கிற கருவியில் எடுத்தது. சாம்ராச்சியத்தின் சின்ன விமானங்கள் அலறிக்கொண்டு போகுமே, அதில் யானைப் பிளிறல் ஒன்று கலந்திருக்கிறது, கூடவே ஈர வீதியில் கார் ஓடுகிற சத்தமும். மழை நாளில் காலி வீதியோரம் நின்றால் பாதி விமானம் இலவசமாகக் கேட்கும். மற்றப் பாதிக்குக் கொஞ்சம் தூரம் போகவேண்டும், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை வரை.

அண்ணை அடிக்கடி இழுக்கிற விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கையும் விட்டுவிடக் கூடாது. 1956இல் இலங்கைக்கு வந்து, பிறகு பார்ன்ஸ் பிளேஸில் குடியிருந்து, 2008இல் கொழும்பிலேயே காலமாகிப் பொரளை கனத்தையில் அடக்கமானவர். நம்மூர்க்காரர் என்றே வைத்துக்கொள்வோம். விண்வெளி நடையில் மூச்சுச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காத ஒரு படத்துக்கு 1968இல் கதை எழுதியவர்களில் அவர் ஒருவர். மிக முன்னேறிய தொழில்நுட்பத்தை மந்திரத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்று சொன்னவரும் அவரே. அண்ணை முதலாவதை மட்டும் சொல்லி வாதாடுவார், இரண்டாவதைச் சொன்னால் தோற்றுவிடுவார்.

ஆனால் ஒருமுறை இந்தக் கதையே அண்ணையின் பக்கம் சாய்ந்தது. 2017இல் வந்த எட்டாவது படத்தில் ஹோல்டோ என்கிற பெண் தளபதி, தன் கப்பலை ஒளிவேகத்தில் எதிரியின் பெருங்கப்பலுக்குள் செலுத்துகிறாள். அந்தக் கணத்தில் படத்தின் முழுச் சத்தமும் அறுந்துபோகிறது. இசை இல்லை, வெடி இல்லை. வெள்ளை ஒளியும் கிழிந்த இரும்பும் மட்டும். அமெரிக்காவில் ஒரு திரையரங்கு, இது ஒலிக்கோளாறில்லை, வேண்டுமென்றே செய்தது என்று அறிவிப்பே ஒட்டவேண்டி வந்தது. அத்தனை வருடம் யானையைக் கேட்டுப் பழகிய காதுக்குச் சத்தம் இல்லாததுதான் வெடியாகக் கேட்டது. எட்டாவது படத்தைப் பற்றி நமக்குள் இருக்கிற சண்டை எனக்குத் தெரியும், அதைக் கிளற வரவில்லை. ஆனால் அந்த இடத்தில் நம் கூடத்தில் இருந்த பதினேழு பேரும் ரோல்ஸை வாயில் வைத்தபடி மெல்லாமல் இருந்தோம். அது ஏன் பட்டியலில் இல்லை? இரண்டு நிமிடம் ஓடாது, அவ்வளவுதான் காரணம்.

இன்னும் சிலவற்றைச் சொல்லிப் போகிறேன். முதற்படத்தில் மாமனோடு வாய்த்தர்க்கம் முடிந்து லூக் வெளியே வந்து இரண்டு சூரியன் மறைவதைப் பார்ப்பது. துனீசியாவின் உப்புப் பாலையில் எடுத்தது. ஜோன் வில்லியம்ஸின் இசை மெல்ல எழும்ப, அந்தப் பெடியனுக்கு ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று எவரும் சொல்லாமலே நமக்குத் தெரிகிறது. நம் கடற்கரையில் ஒரு சூரியன்தான், ஆனால் அந்த முகத்தோடு கல்லில் குந்தியிருந்த பெடியன்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பலர் இப்போது டொரொன்டோவில்.

1999 படத்தை எல்லோரும் திட்டுகிறீர்கள், திட்டுங்கள், பாதி எனக்கும் உடன்பாடு. ஆனால் அந்த மூன்று பேர் வாள்சண்டையில் சிவப்பு ஒளிக்கதவுகள் நடுவில் விழுந்து பிரித்துவிடுகின்றனவே, அந்த இடம்? வில்லன் மோல் கூண்டுப் புலி மாதிரி அங்குமிங்கும் நடக்கிறான். அவனோடு மோதுகிற மூத்த வீரர் குவை-கொன் முழந்தாளிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். சண்டையின் நடுவே ஒரு சின்னத் தியானம். இரண்டு பேரும் யார் என்பதை அது சொல்லிவிடுகிறது. அந்தச் சண்டைக்குப் பாடுகிற கோரஸ் சமஸ்கிருதத்தில் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பழைய வெல்ஷ் கவிதை ஒன்றின் வரிகளைச் சமஸ்கிருதமாக்கி, பொருளைவிட ஓசையைப் பார்த்துச் சொற்களை வைத்தார் வில்லியம்ஸ். எங்கள் கோயில் ஐயருக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டுவிட்டு, தம்பி, பிரசாதம் வாங்கிக்கொண்டு போம் என்றார்.

2005 படத்தில், பின்னால் வேடராகப்போகிற அனக்கினும் அவன் மனைவி பத்மேயும் நகரத்தின் இரண்டு பக்கத்திலிருந்து, யன்னல் வழியாக, ஒருவர் இருக்கிற திசையை மற்றவர் பார்த்தபடி நிற்பது. அந்த இரண்டு பேரும் வாய் திறந்து காதல் பேசிய இடங்களெல்லாம் நம் கூடத்தில் சிரிப்பாகத்தான் முடிந்தன. பேசாமல் நின்ற அந்த ஒரு இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் மூன்றாவது படத்துக் கரடிப் பொம்மைகள். ஈவொக்குகளைப் பற்றித் தம்பி சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஆனால் தம்பி, அந்தக் காட்டுச் சண்டையில் இரண்டு ஈவொக்குகள் விழ, ஒன்று மட்டும் எழும்பி மற்றதை உலுக்கிப் பார்க்கும். அது எழும்பாது. மறுமுறை பார்க்கும்போது அதைமட்டும் பார். பிறகு திட்டு.

இனி நான் முன்மொழிகிற கணம். அதற்குத்தான் இவ்வளவும்.

மூன்றாவது படம் அமெரிக்காவில் வெளியானது 1983 மே 25. அந்த வருடத்தை நம் வீடுகளில் யாரும் ஒரு படத்துக்காக நினைவு வைத்திருப்பதில்லை, சரி, விடுங்கள். படத்தின் முடிவில் லூக் தகப்பனை வீழ்த்திவிட்டு வாளைத் தூக்கி எறிகிறான். வேடரின் எசமானான பேரரசன் கைவிரல்களிலிருந்து மின்னலை விட்டு அவனை வதைக்கிறான். லூக் தரையில் நெளிந்தபடி அப்பா என்று கூப்பிடுகிறான். பக்கத்தில் வேடர் நிற்கிறார். மகனைப் பார்க்கிறார். தலை பேரரசன் பக்கம் திரும்புகிறது. மறுபடி மகன் பக்கம். மின்னல் வெளிச்சம் அந்தக் கறுப்பு முகமூடியில் பட்டுப்பட்டுப் போகிறது. ஒரு சொல் இல்லை. பிறகு பேரரசனைப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்குகிறார்.

வேடர் என்கிற ஒரு ஆளை உண்டாக்கப் பலர் வேண்டியிருந்தது. ஒருவருடைய உடம்பு, இன்னொருவருடைய குரல், வாள்சண்டைக்குப் பொப் அண்டர்சன், கடைசியில் முகமூடி கழன்றபோது செபஸ்தியன் ஷோவின் முகம். இந்தக் கணத்தில் குரலும் இல்லை, முகமும் இல்லை. மிஞ்சியிருப்பது கறுப்புப் பிளாஸ்டிக் கவசம் ஒன்று, அது இரண்டு மூன்று தரம் திரும்புகிறது. அம்பலாங்கொடை முகமூடி ஒன்றைச் சுவரில் மாட்டினால் அது பொம்மை. ஆடுகிறவன் அதைப் போட்டுக்கொண்டு தலையைச் சரித்தால் அதே மரக்கண்ணுக்குப் பார்வை வந்துவிடும். அதுதான் இங்கேயும் நடக்கிறது. அந்த முகமூடிக்குள் என்ன ஓடுகிறது என்று நாம் ஒவ்வொருவரும் நம் கையிலிருந்து போட்டு நிரப்புகிறோம். நான் என் அப்பாவைப் போட்டேன். ஒருநாளும் மன்னிப்புக் கேட்டறியாத மனிதர், ஒருமுறை அடித்துவிட்டு இரவு வந்து கட்டிலருகே சும்மா நின்றார். நீங்கள் யாரைப் போட்டீர்களோ எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் மூன்றாவது விதிக்கு வருகிறேன். 2011இல் புளூ-ரே தட்டு வந்தபோது அந்த இடத்தில் கை வைத்தார்கள். புதிய பதிப்பில் வேடர் முதலில் “இல்லை” என்று முனகுகிறார், தூக்கும்போது “இல்லை” என்று நீட்டிக் கத்துகிறார். 2005 படத்தில் பத்மே இறந்த செய்தி கேட்டு இதேபோல் கத்தினாரே, உலகமே சிரித்தது, அதற்கு எதிரொலியாக இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. எனக்கு அது கோபுரச் சிலைக்கு வார்னிஷ் அடித்த மாதிரி இருக்கிறது. முகமூடிக்குள் நாம் போட்டு வைத்ததையெல்லாம் வெளியே எடுத்து எறிந்துவிட்டு, ஒரே ஒரு சொல்லை உள்ளே அடைக்கிறார்கள். உங்கள் விதிப்படி வாக்கெடுப்பு நாளில் திரையில் வரப்போவது இதுதான். இளையவர்கள் முதன்முதலில் பார்க்கப்போவதும் இதுதான்.

படைத்தவர் தன் படத்தை மாற்றலாம்தானே என்று வங்கி அக்கா கேட்பார். ஜோர்ஜ் லூகஸ் 1997இலிருந்து மாற்றிக்கொண்டுதான் வந்தார். முதற்படத்து மதுக்கடையில் யார் முதலில் சுட்டது என்பதை மாற்றினார். 2004இல் மூன்றாவது படத்தின் கடைசிக் காட்சியில் ஷோவை எடுத்துவிட்டு இளம் நடிகரை ஆவியாக நிறுத்தினார். மாற்றட்டும், அவர் சொத்து. ஆனால் நாம் வாக்களிப்பது நம்மைத் தொட்ட கணத்துக்கு. என்னைத் தொட்ட கணத்தில் அவர் கத்தவில்லை.

அதற்குப் பிறகு வருவதையும் சேர்த்துச் சொன்னால்தான் அம்மம்மாவுக்கு நியாயம். வில்லிபாரதத்தில் கர்ணன் குந்தியிடம் கேட்கிற வரங்களில் ஒன்று, தான் இறந்து விழும்போது தன்னை மடியில் எடுத்து மகனே என்று ஊரறியச் சொல்லவேண்டும் என்பது. மூன்றாவது படத்தை நாங்கள் அடுத்த மாதம்தான் எடுத்தோம். லூக் தகப்பனை இழுத்துக்கொண்டு விமானத்தின் வாசல் வரை வருகிறான், ஆள் சரிந்துவிடுகிறார். அம்மம்மா கதிரையில் நிமிர்ந்திருந்தா. “இப்ப மடியில எடுப்பான் பாரு” என்றா. மடி என்று சொல்ல முடியாது, சாய்பலகையில் கிடத்தித் தோளோடு தாங்குகிறான். உன்னை என் சொந்தக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று தகப்பன் கேட்கிறார். கவசம் கழல்கிறது. மூன்று படமாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மூச்சுச் சத்தம் இல்லாமல் போகிறது, வெளிறிய கிழவர் ஒருவர் இருக்கிறார். தாயின் மடியில் மகன் என்கிற நம் கதை அங்கே தலைகீழாகி, மகனின் கையில் தகப்பன். அம்மம்மா சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பாவி, நல்லா செத்தான்” என்றா. அதைவிட நல்ல விமரிசனத்தை நான் இதுவரை வாசிக்கவில்லை.

சரி, இரண்டாவது விதி. இதில் எனக்குப் பிடிவாதம் குறைவு, எல்லாத் தொடர்களையும் சேர்த்தால் உண்மையிலேயே விடிந்துவிடும். ஆனால் எண் போடாத ரோக் வன் படத்தையும் ஆண்டோர் தொடரையும் வெளியே நிறுத்தினால் பட்டியல் நொண்டும். 2016 படத்தின் கடைசியில் வேடர் ஒடுங்கிய வழியில் போராளிகளை வெட்டித் தள்ளுகிற காட்சிக்காகத் தம்பி உயிரையே கொடுப்பான். எனக்கும் பிடிக்கும். ஆனால் தம்பி, பயம் வந்தது வெட்டியபோதா? விளக்கணைந்த இருட்டு, கதவுப் பக்கம் பார்த்து நிற்கிற முகங்கள், எங்கிருந்தோ அந்த மூச்சு. சிவப்பு வாள் எரிவதற்கு முன்னாலேயே எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. எரிந்த பிறகு அது இன்னொரு சண்டை.

ஆண்டோரில் சிறையுடைப்பு. 2022, முதற்பருவத்தின் பத்தாம் அத்தியாயம். கீனோ லோய் என்கிற கைதி சிறை முழுவதையும் எழுப்பி, எல்லோரையும் வெளிவாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறான். வாசலுக்குக் கீழே தண்ணீர், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. எல்லோரும் குதிக்கிறார்கள். அவன் நிற்கிறான். எனக்கு நீந்தத் தெரியாது என்கிறான். பின்னால் வருகிற கூட்டம் பக்கத்தில் நின்றவனைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அவனுக்கு என்ன ஆனது என்று அந்தக் காட்சி சொல்வதில்லை. சில விநாடி. இதை இரண்டு நிமிடமாக இழுத்துக் காட்டச் சொல்வீர்களா?

அதே அத்தியாயத்தில்தான் என் வாதத்துக்கு ஓட்டையும் இருக்கிறது. லூதனின் பேச்சு. இரகசியமாகக் கிளர்ச்சியை நடத்துகிற மனிதரிடம், நீ எதை இழந்தாய் என்று கேட்கிறார்கள். ஸ்டெலான் ஸ்கார்ஸ்கார்ட் நின்ற இடத்தில் நின்றபடி பேசுகிறார், தான் காணப்போகாத ஒரு விடியலுக்காகத் தன்னை எரித்துக்கொண்டிருப்பதாக. முழுக்க வசனம். வாள் இல்லை, விமானம் இல்லை, மௌனமும் இல்லை. அதைப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை, காரணங்கள் இங்கே எழுதத் தேவையில்லை, நம் வயதுக்காரர்களுக்கு விளங்கும். அதை யாராவது முன்மொழிந்தால் நான் கை தூக்குவேன். என் கொள்கைக்கு விரோதம் என்று சிரிக்காதீர்கள்.

ஆக நான் கேட்பது இவ்வளவுதான். இரண்டு நிமிட விதியை எடுத்துவிடுங்கள். பார்க்கிறவர்களுக்கு முன்கதை விளங்காதென்றால் முன்மொழிகிறவர் எழும்பி நின்று சொல்லட்டும், கூத்தில் கட்டியகாரன் சொல்வதில்லையா? எண் போட்ட படங்களோடு இந்த இரண்டையும் சேருங்கள். பதிப்பு விதியை மூன்றாவது படத்துக்கு மட்டுமாவது தளர்த்துங்கள்.

பழைய பதிப்பு யாரிடமும் இல்லை என்றீர்கள். என்னிடம் இருக்கிறது. ஒழுங்கைச் சந்தியில் இருந்த வாடகைக் கடை மூடியபோது மாமா வாங்கி வைத்த கசெட், 1997க்கு முந்தியது. படம் கொஞ்சம் மங்கல், ஓரத்தில் ஒரு கோடு ஓடும், வேடர் வாய் திறக்கமாட்டார். டெக்கும் இருக்கிறது, புறக்கோட்டையில் ஒரு பாஸ் ரப்பர் பெல்ட் மாற்றித் தந்தார். நம் கூடத்து டிவியில் பழைய வயர் குத்துகிற துவாரம் இருக்கிறதா என்று மட்டும் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். கசெட்டை அந்த இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன், ரிவைன்ட் பண்ணத் தேவையில்லை. நேரத்தையும் மாற்றவேண்டாம், பின்னேர ரயில் வந்தால் வரட்டும். வேடர் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இப்படிக்கு,
கடைசி வரிசைப் பிளாஸ்டிக் கதிரைக்காரன்